மழை பிடிக்குமா

பீடோர் பழைய பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
கைப்பேசிக் கடை மாடியில்
வியாழன்தோறும் எட்டு மணிக்கு இங்கிலீஷ்.
போன வாரம் காய்கறி முடிந்தது.
இந்த வாரம் வானிலை.

புத்தகத்தில் நாலு படம்.
ஒன்றில் பூ, ஒன்றில் கடற்கரை,
ஒன்றில் காய்ந்த இலையைப் பெருக்கும் ஒருவர்,
நாலாவதில் பனியை உருட்டி வைத்து
மூக்குக்குக் கேரட் செருகியிருந்தார்கள்.
காய்கறிப் பாடம் இன்னும் முடியலையா என்று
பிரேமாவதி என் காதில் கேட்டாள்.

வானிலைதான் சண்டை வராத பேச்சு, என்றார் யஷ்வினி டீச்சர்.
ஓட்டல் கவுண்டரில் முகம் தெரியாதவர் வந்து நின்றால்
முதலில் அதைப் பேசுங்கள்.
எனக்கு ஈப்போவில் அந்தக் கவுண்டர்தான் வேண்டும்.
ஆனாலும் நினைத்துக்கொண்டேன்:
இருபத்திரண்டு வருசமாய்ப் பெரட்டில்
நாங்கள் போட்ட சண்டையெல்லாம் வானிலையில்தான்.
ஐந்தரைக்குத் தூறல்.
பட்டை ஈரம் என்போம் நாங்கள்.
காய்ந்துவிடும், நில் என்பார் மண்டோர்.
ஏழு மணி வரை வாளியோடு நிற்போம்.
பிறகு போகச் சொல்வார்.
நின்றதற்குச் சம்பளம் கிடையாது.

பலகையில் எழுதினார்: ஐ லைக்.
ஐ முன்னால் வரவேண்டும்,
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.
எனக்கு அது வரவில்லை.
நம் பேச்சில் யார் போய் எதைப் பிடிக்கிறார்கள்?
அதுதான் வந்து நம்மைப் பிடிக்கும்.
சளி பிடிக்கும். சனி பிடிக்கும்.
மதியம் மூன்றுக்கு மலைப்பக்கம் கறுத்தால்
மழை பிடிக்கும்.
நாம் 'எனக்கு' என்று ஓரமாய் நின்றால் போதும்.

பின் வரிசையில் லாண்டிரிக் கடை ஆ ஃபூங்
புகைமூட்டம் பிடிக்காது என்றாள்.
புத்தகத்தில் அந்தப் படமே இல்லை.

பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்கச் சொன்னார்.
எனக்கு வாய்த்தவர் தில் பகதூர்,
கையுறை ஃபேக்டரி கேட்டில் ராக்காவல்.
பனிப்படத்தில் விரலை வைத்தார்.
டூ யூ லைக், என்றேன்.
நோ லைக்.
பிக்காஸ்? என்றேன். அது எங்களுக்குப் புதுச் சொல்,
விலைச்சீட்டு இன்னும் கிழிக்கவில்லை.
பிக்காஸ், ரோட் குளோஸ்.
டாக்டர் நோ கம்.
அதற்கு மேல் அவரிடம் இங்கிலீஷ் இல்லை.
என்னிடமும் இல்லை.
இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் கேரட்டைப் பார்த்தோம்.

பிறகு அவர் முறை.
டூ யூ லைக் ரெய்ன்?

மழைக்கு ஒருநாள் கூலி போகும்.
வெட்டி முடித்த பின் பெய்தால்
மங்கு வெள்ளைத் தண்ணீராய் வழியும்,
முழங்கால் வலி மட்டும் கணக்கில் நிற்கும்.
அதே மழை
ராத்திரி இரண்டுக்கே தகரத்தில் இறங்கினால்
அலாரத்தை அமுக்கிவிட்டு
அவர் முதுகோரம் மறுபடி சுருளலாம்.
நாங்கள் இருவரும் ஒன்றாய்க் கிடந்து
விடியலைப் பார்த்ததெல்லாம் அந்த நாட்களில்தான்.
மூத்தவன் பிறந்தது ஆகஸ்டில்.
பின்னோக்கி எண்ணினால் நவம்பர்.

இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

எஸ், என்றேன்.
நோ, என்றேன்.
டீச்சர் மேசையோரம் வந்து
ஒன்றைத்தான் சொல்லணும் அக்கா, என்றார்,
முழு வாக்கியமாய்.

எழுந்து நின்றேன். ஏனென்று தெரியவில்லை.
ஐ லைக் ரெய்ன், நைட், டூ ஓ கிளாக்.
ஐ நோ லைக் ரெய்ன், மார்னிங், எய்ட்.
பிக்காஸ்

அங்கே நின்றுவிட்டது.
டீச்சர் நோவை அழித்து டோன்ட் எழுதினார்.
பிரேமாவதி குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்;
அவள் பிள்ளைகளும் ஆகஸ்டு, செப்டம்பர்.

ஒன்பதரைக்கு இறங்கினோம்.
கொய்யாக் கடைகளில் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது.
தில் பகதூர் உள்ளங்கையை வெளியே நீட்டிப் பார்த்தார்.
ரெய்ன்? என்றார் என்னிடம்.
மேலே பார்த்தேன். தமிழில்தான் வந்தது:
பிடிக்கும்.
அவர் தலையாட்டிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

நாளைக்கு வெட்டு உண்டா இல்லையா,
இரண்டு மணிக்குத் தெரிந்துவிடும்.